இருள் நிறுத்திய ஆட்டம்

9 சுற்றுகளில் முடியவேண்டிய பேஸ்பால் ஆட்டம் 26 சுற்றுகள் வரை நீண்டதென்றால் நம்புவீர்களா?

1920-ஆம் ஆண்டு மே முதல் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் மாநகரில், புரூக்ளின் அணியும் பாஸ்டன் அணியும் ஆளுக்கோர் ஓட்டம் எடுத்துச் சமமாக நின்றபின், இருதரப்புப் பந்தெறியாளர்களான லியோன் கடோரும் ஜோ எஷ்கரும், மாற்று வீரரை நாடாமலும், எதிரணிக்கு மேலும் ஓர் ஓட்டம் ஈயாமலும், பொழுது சாயும்வரை எறிந்துகொண்டே இருந்தார்கள். ஆஹா, எத்தகைய அசாத்திய சக்தி! மின்விளக்கில்லாத மைதானத்தில் இருள் சூழவே, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. மேஜர் லீக் சரித்திரத்தில் அதைவிட அதிகச் சுற்றுகள் கண்ட ஆட்டம் இன்றுவரை வேறில்லை.