இண்டிகேட்டர் ஏன் அவசரப்படுகிறது?

இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போடுகிறோம். வழக்கமான ‘டிக்… டிக்…’ ஒலி திடீரென்று இரட்டை வேகத்தில் கேட்கிறது. வலப்பக்கம் போட்டுப் பார்த்தால் பழைய நிதானம். ‘ரிலே போயிடுச்சு, மாத்திடலாம்’ என்று யாராவது உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால், அந்த நேரத்தில் காரில் கச்சிதமாக வேலை செய்துகொண்டிருப்பது அந்த ரிலேதான். ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒரு மூலையில் ஒரு பல்பு எரியவில்லை என்று அது தெரிவிக்கிறது.

இண்டிகேட்டர் விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மினுக்க வேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. அந்தத் தாளத்தைத் தருவது ‘ஃபிளாஷர்’ எனப்படும் இந்த ரிலே. தாளம் போடுவதோடு, விளக்குகளுக்குப் போகும் மின்னோட்டத்தையும் அது அளந்துகொண்டே இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பழுதைப் பாதி கண்டுபிடித்த மாதிரிதான்.

பெட்டிக்குள் நடப்பது

அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1939ஆம் ஆண்டு மாடல் கார்களில் மினுக்கும் இண்டிகேட்டரைக் கொண்டுவந்தது. அந்தத் தலைமுறை ஃபிளாஷர்கள் வெப்பத்தால் இயங்கின. மின்சாரம் பாயும்போது உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளையும், இணைப்பு விடுபடும், ஆறியதும் மறுபடி ஒட்டும். ஒரு பல்பு போய்விட்டால் மின்னோட்டம் குறையும், பட்டை போதுமான அளவு சூடாகாது. அதனால் பழைய கார்களில் பல்பு போனால் மினுக்கம் மெதுவாகும், அல்லது அப்படியே நின்றுவிடும்.

பின்னர் வந்த மின்னணு ஃபிளாஷர், தீப்பெட்டி அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு சிறு சிப், ஒரு காந்தச் சுருள், திறந்து மூடும் இரண்டு உலோக முனைகள், மிகக் குறைந்த மின்தடை கொண்ட ஒரு சிறு உலோகத் துண்டு ஆகியவை இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு 21 வாட் பல்புகள் எரிந்தால் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் பாயும். அந்தத் துண்டின் மின்தடை 30 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், அதன் இரு முனைகளுக்கும் இடையே 105 மில்லி வோல்ட் இருக்கும். ஒரு பல்பு அணைந்தால் இது பாதியாகிவிடும். சிப் அந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டு மினுக்கத்தை இரட்டிப்பாக்குகிறது. வேகம் கூடுவது வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை.

ரிலேவும் பழுதாகும் என்பது உண்மைதான். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் ஒவ்வொரு மினுக்கத்தின் தொடக்கத்திலும் ஒரு கணம் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. முனைகளில் நுண்பொறி பறக்கிறது. நாளடைவில் அவை கருகும், குழி விழும், சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறியைப் படியுங்கள்

ஒரு பக்கம் மட்டும் வேகமாக மினுக்கினால் ரிலேவைத் தொட வேண்டாம். அந்தப் பக்கத்துப் பல்புகளைப் பாருங்கள். பல்பு நன்றாக இருந்தால் அதன் ஹோல்டரைப் பாருங்கள். மழைநீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கலாம். இண்டிகேட்டர் போடும்போது பின்பக்கத்து மற்ற விளக்குகளும் மங்கலாகச் சேர்ந்து துடித்தால் எர்த் இணைப்பு சரியில்லை.

இரு பக்கமும் எரியவில்லையா? ஹசார்டு சுவிட்சை அழுத்துங்கள். பல கார்களில் ஹசார்டுக்கு மின்சாரம் வேறு ஃபியூஸ் வழியாக வருகிறது; ஃபிளாஷர் மட்டும் இரண்டுக்கும் பொது. எனவே ஹசார்டு மினுக்கினால் ரிலே நலம். ஃபியூஸையோ சுவிட்சையோதான் பார்க்க வேண்டும். இரண்டுமே இல்லை என்றால், ஃபியூஸ்களைப் பார்த்துவிட்டு ரிலேவைச் சந்தேகிக்கலாம். விளக்குகள் எரிகின்றன, மினுக்கவில்லை; தட்டினால் வருகிறது, மறுபடி நிற்கிறது என்றால் பெரும்பாலும் முனைகள் தேய்ந்த ரிலேதான்.

உறுதிசெய்து மாற்றுதல்

ரிலே பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டுக்கு உள்ளே ஃபியூஸ் பெட்டியை ஒட்டி இருக்கும். சில கார்களில் ஹசார்டு சுவிட்சுக்குள்ளேயே இருக்கும். ஒலி வருகிறது என்றால், அதைப் பின்தொடர்ந்து விரலால் தொட்டுப் பாருங்கள், துடிப்பு தெரியும்.

மூன்று பின் கொண்ட ரிலே என்றால் சோதனை எளிது. ‘பி’ அல்லது 49 என்ற பின்னுக்குள் மின்சாரம் வரும். ‘எல்’ அல்லது 49ஏ வழியாக விளக்குகளுக்குப் போகும். ‘இ’ அல்லது 31 என்பது எர்த். ரிலேவைப் பிடுங்கிவிட்டு, சாவியைத் திருப்பி, ‘பி’ துளையில் டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், ஃபியூஸ் கோத்த ஒரு சிறு வயரால் ‘பி’, ‘எல்’ இரண்டையும் இணைத்து, இண்டிகேட்டர் நெம்புகோலை இடப்பக்கம் தள்ளுங்கள். இடப்பக்க விளக்குகள் மினுக்காமல் நின்று எரியும். வலப்பக்கமும் அப்படியே எரிந்தால் வயரிங், சுவிட்ச், பல்பு எல்லாம் சரி, குற்றவாளி ரிலேதான். எர்த் துளையில் மட்டும் அந்த வயர் படக்கூடாது.

புதியது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். 12 வோல்ட், பின்களின் எண்ணிக்கை, அவற்றின் வரிசை, மேலே பொறித்துள்ள வாட் அளவு ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். 10 வாட் பல்புகளுக்கான பைக் ஃபிளாஷரும், லாரிக்கான 24 வோல்ட் ரிலேவும் காருக்கு ஆகாது. எல்.இ.டி. பல்பு போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அது இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால், பல்பு போய்விட்டதாகவே பழைய ரிலே எடுத்துக்கொள்ளும். கூடுதல் மின்தடை வைத்துச் சமாளித்தால் அது கடுமையாகச் சூடாகும், எல்.இ.டி.க்கான ஃபிளாஷரே நல்ல வழி. புதிய கார்கள் பலவற்றில் தனி ரிலேவே கிடையாது. கட்டுப்பாட்டுக் கணினியே மினுக்குகிறது, ‘டிக் டிக்’ ஒலி ஒரு சிறு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது.

மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. ஹெட்லைட்டைப் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, காரைச் சுற்றி வந்து எல்லா மூலைகளையும் பாருங்கள். எல்லா விளக்குகளும் ஒன்றாக எரியும்போதுதான் மோசமான எர்த் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மினுக்கம் என்றும் எண்ணிவிடுங்கள். நாம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பதைப் பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டி அந்த விளக்கை நம்பித்தான் முடிவுசெய்கிறார். அதனால், தாளம் மாறிய அன்றைக்கே காரை நிறுத்திப் பல்பைப் பார்ப்பது நம் கடமை.