மேட்டு நிலத்தில் குழி வெட்டும் முன்…

மழைத்தண்ணீர் ஒரு சொட்டுகூட நம் நிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது. இயற்கை விவசாயத்துக்கு வரும் எல்லோரும் முதலில் படிக்கிற பாடம் இது. வங்கி வேலையில் ஓய்வு பெற்று, நாமகிரிப்பேட்டை பக்கம் போதமலை அடிவாரத்தில் நிலம் வாங்கிய நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கீழே சமதளத்தில் மஞ்சள். மேலே செங்குத்தாக ஏறும் ஒரு ஏக்கர் சரிவு. அங்கேயும் ஆள் விட்டு வரிசையாக மழைநீர்க் குழிகள் வெட்டினேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டு, "சார், மேட்டுல தண்ணியைக் கட்டி வைக்காதீங்க. அது இறங்குறப்ப மண்ணையும் கூட்டிக்கிட்டு வந்துரும்" என்றார். நான் புத்தகத்தில் படித்ததைத்தான் நம்பினேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தது. மழை விட்ட காலையில் மேலே ஏறிப் பார்த்தேன். குழிகளுக்கு மேல்புறம், கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடந்தது. கீழ்வரிசைக் குழியின் கரை உடைந்து, மண் மாட்டுக்கொட்டகை வரை வந்திருந்தது. கொட்டகையை ஒட்டித்தான் நம் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்தின் வீடு. அன்றைக்கு எனக்குக் கால் நடுங்கிவிட்டது.

அதே புயலில், டிசம்பர் 1-ம் தேதி, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலை மண்ணும் பாறையும் வீட்டின்மேல் சரிந்து 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே சரிந்த மண், ஆற்று வழியாகப் பல கிலோமீட்டர் ஓடி வந்தது.

மலை ஏன் சரிகிறது? பாறைமேல் மண் ஒரு போர்வை மாதிரி கிடக்கிறது. மண் துகள்கள் ஒன்றையொன்று உரசிப் பிடித்திருப்பதும், மரவேர்கள் கட்டியிருப்பதும்தான் அதை நிறுத்தி வைக்கின்றன. தொடர்மழையில் இரண்டு காரியம் நடக்கும். மண்ணின் எடை கூடும். பாறையைத் தாண்டி இறங்க முடியாத தண்ணீர் தேங்கி, துகள்களை விலக்கும். பிடி தளர்ந்ததும் மொத்தமும் வழுக்கும். பாதை போடவோ வீடு கட்டவோ சரிவின் அடிக்காலை வெட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். இமயமலைப் பனிச்சரிவும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். உள்ளே பிடிப்பில்லாத ஓர் அடுக்கு, அதன்மேல் புதுப்பனியின் பாரம்.

பனிச்சரிவே இல்லாத நீலகிரியில் 'அவலாஞ்சி' என்று ஓர் ஊர் உண்டு. பனிச்சரிவுக்கான ஆங்கிலச் சொல் அது. 19-ம் நூற்றாண்டில் அங்கே ஏற்பட்ட பெரிய மண்சரிவால் வந்த பெயர். 2019 ஆகஸ்டில் அதே ஊரில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. முன்பு மாதக்கணக்கில் பெய்தது இப்போது ஒரு நாளில் இறங்குகிறது. பழைய நம்பிக்கையில் இருக்க முடியாது.

நான் செய்த மாற்றங்கள்: சரிவிலிருந்த குழிகளை மூடி, கெட்டியாக மிதித்துவிட்டேன். தண்ணீரைத் தேக்காமல், லேசான சாய்வில் புல் வளர்த்த வாய்க்கால் வழியாக ஓடைக்கு மெதுவாக இறக்கினேன். சமதளத்துக்கு வந்த பிறகுதான் பண்ணைக்குட்டை. வரப்பில் வெட்டிவேர், இடையில் ஆழவேர் மரங்கள். சரிவில் மரவள்ளி போடுவதில்லை. கிழங்கு பிடுங்கும்போது மண் மொத்தமும் பொலபொலவென்று ஆகிவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு ஓடையை விட்டு விலகி, சமதளத்தில் வீடு கட்டிக் கொடுத்தேன்.

மழைக்காலத்தில் இவற்றைக் கவனியுங்கள்: நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம் அல்லது கம்பம், திடீரென்று கசியும் கலங்கல் ஊற்று. மழை பெய்யும்போதே ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைந்தால், மேலே எங்கோ மண் அடைத்திருக்கலாம். ராத்திரியானாலும் ஆள், மாடுகளோடு பக்கவாட்டு மேட்டுக்கு விலகிவிடுங்கள். ஓடை வழியாக ஓடாதீர்கள்.

தண்ணீரைப் பிடிப்பது நல்ல பாடம்தான். சமதளத்தில் பிடியுங்கள். மேட்டில் அதற்கு வழி விடுங்கள். பெரியவரிடம் போய் என் தப்பைச் சொன்னேன். "குழியை மூடிட்டீங்கல்ல சார், அது போதும்" என்றார்.