துளி எண்ணெய்

இரும்போடு இரும்பு உராயுமிடத்து வெப்பம் பிறக்கும், தேய்வு விளையும், நாளடைவில் இயக்கமே நின்றுபோகும். இக்கேட்டினைத் தடுப்பது எண்ணெய்ப் பசை. மாட்டுவண்டியின் அச்சுக்கு மை இடுவதும், மோட்டார் வண்டியின் மூட்டுகளுக்கு மசகெண்ணெய் இடுவதும் இக்காரணம் பற்றியே ஆகும்.

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கக் காலத்தில் அதன் அடிச்சட்டத்தைப் பேணுதல் பெருந்தொல்லையாக இருந்தது. வில்பட்டைகளைப் பிணைக்கும் முளைகள், முன் சக்கரங்களைத் திருப்பும் மூட்டுகள், பிரேக்கின் இணைப்புகள் எனப் பல இடங்கள் எண்ணெய் வேண்டி நின்றன. அவ்விடந்தோறும் கிரீஸ் நிரப்பிய சிறு கிண்ணம் ஒன்று இருக்கும். அதன் மூடியைத் திருகினால் கிரீஸ் உள்ளே செல்லும். வண்டியோட்டி சேற்றையும் புழுதியையும் பாராது வண்டியின்கீழ்ப் படுத்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் தேடித் திருகுதல் வேண்டும். ஒன்றை மறந்தால் அம்மூட்டு வறண்டு தேயும். திசை திருப்பும் மூட்டு அவ்வாறு இறுகிவிடின், வளைவான சாலையில் உயிருக்கே ஊறு நேரலாம்.

1910-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஆர்தர் குல்போர்கு என்பவர் கிரீஸை அழுத்தத்துடன் செலுத்தும் கைக்கருவியை அமைத்தார். அதனால் வேலை எளிதாயிற்று. ஆயினும், ஆள் குனிய வேண்டியிருந்தது; மறதியும் ஒழியவில்லை.

ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலே எல்லா மூட்டுகளுக்கும் எண்ணெய் ஊட்டல் இயலுமா? ஒரு தொட்டி, ஒரு பம்பு, மூட்டுதோறும் ஒரு குழாய்; இவை போதுமெனத் தோன்றும். ஆனால், இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வாய்க்காலில் விடும் நீரைத் தடுப்பாரில்லையெனில், தலைமடை வயல் நிரம்பி வழியும். கடைமடை வயல் காயும். அதுபோலவே, தேய்ந்து தளர்ந்த மூட்டின் வழியே எண்ணெய் எளிதில் ஓடிவிடும். இறுக்கமான மூட்டுக்கோ, தொலைவில் உள்ள மூட்டுக்கோ ஒரு துளியும் சேராது.

இச்சிக்கலைத் தீர்த்தவருள் சிறந்தவர் ஜோசப் பிஜூர் என்னும் அமெரிக்கர். முன்னர் மோட்டார் வண்டிகளுக்கு மின்கருவிகள் செய்துவந்த அவர், 1920-களில் இம்முயற்சியில் ஈடுபட்டார். ஒவ்வொரு குழாயின் முடிவிலும் அவர் ஒரு சிறு மடையை வைத்தார். அதன் நுண்துளையை ஓர் ஊசி ஏறக்குறைய முழுதும் அடைத்து நிற்கும். எஞ்சிய மயிரிழை இடைவெளியில் எண்ணெய் கசிந்து செல்லும். அம்மடையின் தடை, குழாயின் தடையினும் மூட்டின் தடையினும் மிகப் பெரிது. ஆதலின், மூட்டு அருகிலிருப்பினும் தொலைவிலிருப்பினும், இறுகியிருப்பினும் தளர்ந்திருப்பினும், தனக்குரிய பங்கையே பெற்றது. மிகுதி வேண்டும் மூட்டுக்கு அதற்கேற்ற மடை வைக்கப்பட்டது. வண்டி நிற்கும்போது எண்ணெய் ஒழுகிவிடாதபடி ஒரு தடுக்கிதழும், தூசி அடையாதபடி ஒரு வடிகட்டியும் உடன் அமைந்தன.

ஓட்டுநர் காலால் மிதித்தாலே எல்லா மூட்டுகளும் நனைந்தன. பின்னர், எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் விசையே பம்பை இயக்குமாறு செய்தனர். மிதிக்கும் வேலையும் நீங்கிற்று. அமெரிக்காவின் பக்கார்டு வண்டிகள் பிஜூரின் முறையை மேற்கொண்டன. இங்கிலாந்தில் 1936 முதல் 1939 வரை வெளிவந்த ரோல்ஸ் ராய்ஸ் மூன்றாம் பேண்டம் வண்டியிலும், ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்தே எண்ணெய் ஊட்டும் நெம்புகோல் ஒன்று இருந்தது.

எனினும், இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. குழாய் உடைந்தாலும் மடை அடைபட்டாலும் மூட்டு ஓசையின்றி வறளும். எல்லாம் தானே நடக்கிறது என்று நம்பியவர் அதனை அறியார். பொறி வேலையை மறவாது. ஆனால், மனிதன் பொறியை மறத்தலாகாது.

இக்காலத்துக் கார்களின் மூட்டுகள் பெரும்பாலும் கிரீஸ் இட்டு மூடி முத்திரையிடப்பட்டே வருகின்றன. இரப்பரும் நெகிழியும் பல இடங்களில் இரும்பின் உராய்வையே ஒழித்துவிட்டன. ஆயினும், தொழிற்சாலை எந்திரங்களிலும், கனரக லாரிகளிலும், மண் அள்ளும் பொறிகளிலும் ஒரு தொட்டியிலிருந்து பல மூட்டுகளுக்கு எண்ணெய் பங்கிடும் முறை இன்றும் நின்று நிலவுகின்றது. நிறைய ஊற்றுவதன்று, உரிய இடத்தில் உரிய அளவு சேர்ப்பதே பேணுதல் என்பதை அச்சிறு மடை நமக்கு உணர்த்துகின்றது.