நமக்கு நாமே கிராணி

இந்தப் பகுதியில் வழக்கமாகச் சம்பளம், கூட்டு ஒப்பந்தம், லயத்து வீட்டுக் கூரை, குடிதண்ணீர் என்றுதான் எழுதி வருகிறோம். அதற்கெல்லாம் எதிரே ஒரு முதலாளி இருப்பார். அவரிடம் கேட்போம், வாதாடுவோம். இன்று முதலாளியே இல்லாத தொழிலாளியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

60 வயதாகித் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள், தோட்டம் விற்கப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடியில் குடியேறியவர்கள், வீட்டுக்காரர் செம்பனைக் காட்டுக்குப் போய்விட வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்கிற பெண்கள் – இவர்களில் எத்தனையோ பேர் இன்று தனியாளாகத் தொழில் செய்கிறார்கள். வடை சுட்டு விற்கிறார்கள். ரவிக்கை தைக்கிறார்கள். புல் வெட்டும் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு தாமான் தாமானாகப் போகிறார்கள். தொழிற்சங்கத்துக்காரனுக்கு வியாபாரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். உழைக்கிறவன் எங்கே போனாலும் உழைக்கிறவன்தானே?

தோட்டத்து வேலை கஷ்டமான வேலைதான். ஆனாலும் நாளை ஒழுங்கு செய்கிற பொறுப்பு நம் தலையில் இருக்கவில்லை. விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிடுவார்கள். எந்த நிரை, எத்தனை மரம் என்பது முன்பே முடிவு. குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே யாரும் எட்டு மணிக்குப் போய் ஆரம்பிப்பதில்லை. கத்தியை முதல் நாள் சாயந்திரமே தீட்டி வைத்திருப்போம். ஸ்டோரில் பாலை நிறுத்துக் கிராணி எழுதுவார். நேற்று வெட்டிய மரத்தை இன்று வெட்டுவதில்லை. மரத்துக்கும் ஒருநாள் ஓய்வு.

தண்டலைத் திட்டிக்கொண்டேதான் எழுந்தோம். வெளியே வந்ததும் தண்டலும் போனார், கிராணியும் போனார். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்த வேலையை இப்போது யார் பார்ப்பது? தனியாகத் தொழில் செய்கிறவர் பலர் படுகிற பாட்டுக்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உழைப்பில் குறையில்லை. அந்த உழைப்பை யாரும் எண்ணுவதில்லை.

கோலசிலாங்கூர் பக்கம் ஓர் அக்கா இருக்கிறார். தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். இப்போது சாலையோரத்தில் ஒரு சிறிய கடை: மசால் வடை, உளுந்து வடை, கொஞ்சம் தோசை, காப்பி. வாரத்தில் ஆறு நாள் வியாபாரம். பருப்பு, எண்ணெய், கேஸ், தேங்காய், பை, கடை வாடகை எல்லாம் போக நாளைக்குச் சுமார் 80 வெள்ளி மிஞ்சுவதாகச் சொன்னார். பரவாயில்லையே என்றேன். "எங்கே தம்பி, உடம்பு படுத்த படுக்கையாயிடும் போல இருக்கு" என்றார்.

நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "வடைய எண்ணுவேன் தம்பி, மணிய எவன் எண்ணுவான்?"

உட்கார்ந்து எண்ணினோம். விடியற்காலை 4 மணியிலிருந்து 11 மணி வரை அடுப்பும் கடையும், ஏழு மணி நேரம். பிறகு பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கி வர ஒன்றரை மணி. ஊறப்போட, அரைக்க, வெங்காயம் நறுக்க, பாத்திரம் கழுவ இரண்டரை மணி. கைப்பேசியில் ஆர்டர் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு மணி. மொத்தம் 12 மணி நேரம். 80 வெள்ளியை 12ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 6 வெள்ளி 67 காசு. 2025 பிப்ரவரியில் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை மாதம் 1,700 வெள்ளி ஆக்கியபோது அதன் மணிக் கணக்கு 8 வெள்ளி 72 காசு. எந்த முதலாளியாவது அக்காவுக்கு 6 வெள்ளி 67 காசு கொடுத்திருந்தால் நாம் தொழிலாளர் இலாகாவின் படியேறியிருப்போம். இங்கே யார் மீது புகார் கொடுப்பது?

உற்பத்தித் திறன் என்ற வார்த்தையைக் கேட்டாலே தோட்டத்துக்காரர்களுக்குக் கசக்கும். நிர்வாகம் அதைச் சொன்னால் நிரையில் மரம் கூடப்போகிறது என்று அர்த்தம். தனியாளுக்கு அப்படி இல்லை. அதே காசைக் குறைந்த நேரத்தில் சம்பாதித்தால் மிச்சமாகும் நேரம் முழுக்க அவருடையது. அக்காவிடம் வடையைக் கூட்டச் சொல்லவில்லை. நேரம் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொன்னேன்.

அதற்கு ஒரு செக்ரோல் வேண்டும். பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டு போதும். இரண்டு வாரம், எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்கு எத்தனை வடை போனது, எத்தனை மிஞ்சியது என்று மட்டும் எழுதினார். 10 மணிக்கு மேல் விற்றது ஐந்தாறு வடைதான். அதற்காக ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார், மிஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது கொஞ்சம் குறைவாகச் சுடுகிறார், 10 மணிக்குக் கடையைக் கட்டுகிறார். மிஞ்சுவது இல்லாததால் வரும்படி குறையவில்லை.

பட்டணத்துப் பயணத்தையும் வாரத்துக்கு ஒருமுறை ஆக்கினார். பருப்பு, எண்ணெய், மாவு, பை எல்லாம் ஒரே நாளில், பட்டியல் எழுதிக்கொண்டு போய் மூன்று மணி நேரத்தில் வாங்கிவிடுகிறார். பச்சை மிளகாய், வெங்காயம் காய்கறி வேனில். கறிவேப்பிலை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஆறு நாளும் ஒன்றரை ஒன்றரையாகப் போன ஒன்பது மணி நேரம் மூன்றானது. அதாவது நாளைக்கு ஒரு மணி மிச்சம்.

கரண்டி, தட்டு, சில்லறை டப்பா, தீப்பெட்டி எல்லாவற்றையும் இரவே ஒரு கூடையில் எடுத்து வைக்கிறார், நாம் கத்தி தீட்டி வைத்த மாதிரி. மாவையும் இரவே அரைத்து ஐஸ் பெட்டியில் வைக்கிறார். உப்பு மட்டும் காலையில்தான். முன்கூட்டிப் போட்டால் மாவு நீர்த்துவிடும் என்று எனக்கே பாடம் நடத்தினார். காலையில் தேடுவது நின்றது, இருபது நிமிடம் கூடத் தூங்குகிறார்.

இந்தக் கைப்பேசி இருக்கிறதே, அது பெரிய திருடன். ஆர்டர் வருவதே அதில்தான், வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. ஆனால் அது கூப்பிடும்போதெல்லாம் ஓடினால் எண்ணெயில் கிடக்கிற வடை கருகும். 'ஆர்டர் இரவு 8 மணி வரை' என்று அக்கா வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிட்டார். மத்தியானம் ஒருமுறை, 8 மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார். முதல் வாரம் ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. ஒரு மணி நேரம் போன இடத்தில் இப்போது இருபது நிமிடம்.

கூட்டிப் பார்த்தால் நாளைக்கு மூன்று மணி நேரம் மிச்சம். 12 மணி 9 ஆனது. அதே 80 வெள்ளியை 9ஆல் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 89 காசு. ஒரு வடைகூட அதிகம் விற்காமல் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தாண்டிவிட்டார்! சாப்பாட்டுக்குப் பிறகு இப்போது கொஞ்சம் கண்ணயர்கிறார். முதலாளியிடம் போராடி வாங்குகிற சம்பள உயர்வுக்கு இது குறைந்ததா?

பணத்துக்கும் ஒரு வழக்கம் வேண்டும். கல்லாவிலிருந்து கை போன போக்கில் எடுத்து மீன் வாங்குவது, பேரனுக்கு மிட்டாய் வாங்குவது, கியூஆர் வழியாக வந்த காசில் மின்சார பில் கட்டுவது – இப்படியிருந்தால் லாபமா நட்டமா என்று கடவுளுக்குத்தான் தெரியும். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, தினம் கடை கட்டியதும் பத்து நிமிடத்தில் வரவு செலவு எழுதி, உங்கள் கூலியை நீங்களே எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். கடன் கேட்பவர்களுக்கும் ஓர் எல்லை வையுங்கள். அக்கம்பக்கம், சொந்தபந்தம் என்று தயங்கித்தான் நம்மவர்கள் பாதிப்பேர் கடையைச் சாத்துகிறார்கள்.

தையல்காரப் பெண்களுக்குத் தீபாவளி வந்தால் தூக்கம் இல்லை. வந்த துணியை எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே தேதி சொல்லிவிட்டு, கடைசி வாரம் கண்ணீர் விடுகிறார்கள். நாளைக்கு எத்தனை ரவிக்கை உருப்படியாகத் தைக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதுதான் உங்கள் நிரை. நாலு என்றால் நாலுதான். ஐந்தாவது துணி மறுநாள் தேதியில் ஏற வேண்டும். வெட்டுவதை எல்லாம் ஒரு வேளையிலும் தைப்பதை ஒரு வேளையிலும் கொக்கி, காஜா வேலையைத் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்திலும் வைத்துக்கொள்கிற ஒரு தங்கையைத் தெரியும். மெஷினில் நூல் மாற்றும் வேலையே பாதி குறைந்தது என்கிறார்.

வாரத்தில் ஒருநாள் கடையை மூடினால் வாடிக்கை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். தினம் வெட்டிய மரம் என்ன கதியாகும் என்பது பால்வெட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 சனவரியிலிருந்து சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு வாரத்தில் 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம் என்று சட்டம் சொல்கிறது. நமக்கு நாமே முதலாளி என்பதால் 80 மணி நேரம் என்று யார் எழுதி வைத்தார்கள்?

கடைசியாக, புல் வெட்டுகிற தம்பிமார்களுக்கும் மற்ற எல்லாருக்கும். தோட்டத்தில் சேமநிதியும் சொக்சோவும் சம்பளத்தோடு போய்விடும். தனியாளுக்கு அதை வெட்டுகிற ஆள் இல்லை, மாதத்தில் ஒருநாளை நீங்களே அதற்குக் குறித்துக்கொள்ள வேண்டும். 2017இல் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு என்று இருந்தது, 2020 சனவரியிலிருந்து அங்காடி வியாபாரம், விவசாயம் போன்ற மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. வேலையில் அடிபட்டால் வைத்தியச் செலவும் வேலைக்குப் போகாத நாளுக்குப் பணமும் உண்டு. மெஷின் கம்பியில் கல் பட்டுத் தெறித்து முழங்காலைப் பெயர்த்தால் அதன் அருமை தெரியும். இது வேலையில் நேரும் விபத்துக்கும் வேலையால் வரும் நோய்க்கும்தான், மற்ற நோய்க்கு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள்.

சேமநிதியில் ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. நிலையான சம்பளம் இல்லாத, 60 வயதுக்குட்பட்டவர்கள் சேரலாம். 2025இல் நீங்கள் போட்டதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துக் கொடுத்தது. அதை முழுதாகப் பெற ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட வேண்டும். 250 வியாபார நாளில் தினம் 10 வெள்ளி எடுத்து வைத்தால் கணக்கு சரி.

அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்துக்கும் சேமநிதி அலுவலகத்துக்கும் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். வியாபாரம் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டையும் ஒரே பயணத்தில் முடியுங்கள். சொக்சோவில் பதிந்த தாளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். அடிபட்டுக் கிடக்கும்போது அலமாரியைக் குடைந்து தேடப் போகிறவர் அவர்தான்.