கராம்புக்குள் ஒரு பூ

பூவின் பாகங்களைப் பள்ளிக்கூடத்தில் செவ்வரத்தம் பூவை வைத்துத்தான் படிக்கிறோம். வெளியே பச்சைப் புல்லிகள், அடுத்து சிவந்த அல்லிகள், பிறகு மகரந்தம் தாங்கும் கேசரங்கள், நடுவே குறியும் தம்பமும் சூலகமும். படிப்பதற்கு வசதியான பூ அது. ஆனால் கண்ணைப் பறிக்கும் அல்லிதான் பூ என்ற எண்ணத்தையும் மனத்தில் ஊன்றிவிடுகிறது. மாத்தளை மாவட்டத்தின் வாசனைத் திரவியத் தோட்டங்கள் அந்த எண்ணத்தை மாற்றிவிடும். பூவைப் பூவாக்குவது கேசரமும் சூலகமுமே. சாதிக்காய் மரத்தின் சிறிய இளமஞ்சள் பூவில் புல்லி வேறு, அல்லி வேறு என்ற பிரிவே கிடையாது. குடுவை போன்ற ஓர் உறை மட்டும் உண்டு. பெரும்பாலும் ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ இன்னொரு மரத்திலும் பூக்கும். ஆண் மரம் எவ்வளவு பூத்தாலும் சூலகம் இல்லாததால் காய் இல்லை. விதையிலிருந்து வந்த கன்று ஆணா பெண்ணா என்பதைப் பூ வந்தபிறகே அறியலாம், அதற்கு ஆறேழு வருடங்கள் காத்திருக்க வேண்டும். பெண் மரத்துக் கிளையை ஒட்டிய கன்றை நாடுவதற்குக் காரணம் இதுதான். பெண் பூவின் சூலகத்தில் இருப்பது ஒரே சூல்வித்து. ஆகவே ஒரு பழத்துக்கு ஒரு விதை, அதைப் பின்னிக்கிடக்கும் சிவந்த சாதிபத்திரி.

அப்படியானால் அல்லி வீணா என்று கேட்கலாம். இல்லை, பூச்சியை அழைப்பது பெரிய வேலை. ஆனாலும் வருகிற பூச்சிக்கு உள்ளமைப்பு இடம்கொடுக்க வேண்டுமே. வனிலாப் பூவில் மகரந்தமும் குறியும் அருகருகே இருந்தும் இடையே ஒரு மெல்லிய மடல் மறிக்கிறது. அதைக் கடக்கும் பூச்சிகள் அதன் தாயகமான மெக்சிக்கோப் பக்கத்தில்தான் உண்டு. 1841இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் சிறு குச்சியால் மடலை விலக்கி மகரந்தத்தைக் குறியில் அழுத்தும் முறையைக் கண்டான். உலகெங்கும் வனிலா பயிரிடுவோர் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். பூ விரிவது ஒரே நாள்; அன்று தவறினால் அந்தக் காய் இல்லை.

கராம்பைப் பூ என்று ஏற்கப் பலருக்குத் தயக்கம். மொட்டு சிவக்கத் தொடங்கும்போது, விரியுமுன் பறித்துக் காயவைத்ததே கராம்பு. விரிந்துவிட்டால் தரம் குறையும். காம்புபோல் நீண்டிருப்பது, மேற்பகுதியில் சூலகத்தைப் பொதிந்த குழாய். அதன் உச்சியில் நான்கு பற்களாக நிற்பவை புல்லிகள், உருண்டையாக மூடியிருப்பவை நான்கு அல்லிகள். நல்ல கராம்பு ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து, அந்த உருண்டையை ஊசியால் மெல்ல நீக்கிப் பாருங்கள்: சுருண்டு கிடக்கும் கேசரங்கள் தெரியும்.