சங்கு கேட்கும் தூரம்

பம்பாயின் ‘சால்’ எனப்படும் ஓரறைக் குடியிருப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “ஒரே அறைக்குள் அத்தனை பேர் ஏன் முண்டியடித்துக்கொண்டு கிடந்தார்கள்? கொஞ்சம் தள்ளிப் போய்க் குடியிருந்தால் என்னவாம்?”

டீ ஆறட்டும், சொல்கிறேன்.

1850களில் அங்கே முதல் பஞ்சாலை வந்தது. பிறகு பரேல், லால்பாக் பக்கமெல்லாம் புகைபோக்கிகள். ரத்னகிரியிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். வந்தவர்களில் நிறையப் பேருக்கு நிலையான வேலை என்று சொல்ல முடியாது. பலர் ‘பத்லி’, அதாவது மாற்றாள். விடியற்காலையில் ஆலை வாசலில் போய் நிற்க வேண்டும். யாராவது வராமல் போய், ஆளெடுக்கும் மேஸ்திரியான ஜாப்பர் இவனைப் பார்த்துக் கைகாட்டினால் அன்றைக்குக் கூலி. இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்டவன் டிராமுக்குக் காசு கொடுத்தா வருவான்? ஆலைச் சங்குச் சத்தம் காதில் விழும் தூரத்தில்தான் படுப்பான். சால் கட்டியவர்களுக்கும் இது தெரியும்.

1896இல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்தது. கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. கடற்காற்று உள்ளே வரட்டும் என்று பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை எல்லாம் நெரிசலைக் கிழித்துக்கொண்டு போயின. அதே 1898இல்தான் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலியின் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று காட்டினார். அதை உலகம் ஏற்கப் பல வருடம் ஆனது. சாலைக்காக வீடு இழந்தவர்கள் எங்கே போனார்கள்? அடுத்த சந்துச் சாலுக்கு. அங்கே நெரிசல் கூடியது.

டிரஸ்ட் தாதர், மாதுங்காவில் அகலமான தெருவும் மரமுமாக அழகாகத்தான் மனை போட்டது. மாதச் சம்பளக்காரர்கள் ரயிலேறி ஆபீஸ் போகலாம். நம் தமிழர்கள் பலர் மாதுங்காவாசிகள் ஆனதும் அந்த வழியில்தான். பத்லிக்காரனுக்கு அது எட்டாத இடம்.

1920களில் அரசே 207 சால்கள் கட்டியது. அறைக்கு 160 சதுர அடி. ஒர்லியில் எழுந்தவை பல வருடம் காலியாகவே கிடந்தன. ஆலை தூரம், வாடகையும் கட்டாது. 1930களில் சட்டமறுப்புக் கைதிகளை அடைத்து வைக்க அந்த அறைகள் உதவின.