பெயரற்ற பிரேதங்கள்

"அடையாளம் தெரியாத ஆண் பிரேதம், வயது சுமார் 35 இருக்கலாம்" என்ற இரண்டு வரிச் செய்தியைப் பத்திரிகை படிப்போர் அனைவரும் அறிவர். தருமபுரி ஜில்லாவுக்கு அது புதிதன்று. பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் பெருஞ்சாலை தொப்பூர்க் கணவாய் வழியே இறங்குகிறது. காவேரி ஒகேனக்கல்லில் விழுகிறது. சாலையும் ஆறும் காடும் ஒருங்கே அமைந்த இடத்தில், எங்கோ கொலையுண்டவனை இரவோடிரவாகக் கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போவது எளிது. பிரேதம் கிடைத்த ஊரில் அவனை அறிந்தவர் இரார். போலீஸார் படம் எடுத்து விளம்பரம் செய்வர், சில தினங்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பர், பிறகு அடக்கம். இறந்தவன் யார் என்பதே தெரியாதபோது, கொன்றவனை எங்கிருந்து தேடுவது?

1952-ல் சென்னைப் பேனா வியாபாரி ஆளவந்தாரின் தலையற்ற உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியில் கண்டெடுக்கப்பட்டது. ராயபுரம் கடற்கரையில் தலையும் அகப்பட்டது. அவரைத் தேடுவதற்கு வீட்டில் மனைவியும் இருந்தார். ஆகவே வழக்கு நடந்தது. தேட ஒருவரும் இல்லாதவன் கதி என்ன?

இவ்விஷயத்தில் நம் தேசத்திலேயே ஓர் அரிய வேலை நடந்திருக்கிறது. 1857 ஜூலையில் லாகூரினின்று தப்பியோடிய 26-வது சுதேசிக் காலாட்படையின் சிப்பாய்கள், முன்னரே ஆயுதம் பறிக்கப்பட்டவர்கள், பஞ்சாபில் அஜ்னாலா என்ற ஊரில் அடைக்கப்பட்டனர். ஆகஸ்டு முதல் தேதி, அமிர்தசரஸ் டிப்டி கமிஷனர் பிரெடரிக் கூப்பர் அவர்களில் 237 பேரைப் பத்துப் பத்துப் பேராக வரவழைத்துச் சுடச் செய்தார். 45 பேர் அடைத்த இடத்திலேயே மூச்சுத் திணறி மாண்டனர். விசாரணை ஏதும் இல்லை. உடல்கள் ஒரு பாழுங்கிணற்றில் தள்ளப்பட்டன. வெட்கப்படாமல் இவற்றைக் கூப்பரே தமது புத்தகத்தில் எழுதி வைத்தார். அக்கிணற்றுக்குக் 'கறுப்பர் கிணறு' என்றே பெயர் நிலைத்தது.

2014-ல் ஊரார் அக்கிணற்றைத் தோண்டினர். எலும்புகளும் பற்களும் குவியலாக வெளிவந்தன. இவை 1947-ம் வருஷப் பிரிவினைக் கலகத்தில் இறந்தவர்களுடையவை என்று சிலர் வாதித்தனர். பஞ்சாப் சர்வகலாசாலை, ஹைதராபாத்தின் உயிரணு ஆராய்ச்சி நிலையம், லக்ஷ்மணபுரியின் பீர்பல் சாஹ்னி ஸ்தாபனம், காசி ஹிந்து சர்வகலாசாலை ஆகியவற்றின் விஞ்ஞானிகள் 50 மாதிரிகளில் மரபணுவையும், 85 மாதிரிகளில் ஐசோடோப்புகளையும் பரிசோதித்தனர். குழந்தைப் பருவத்தில் குடித்த நீரும் உண்ட உணவும் பற்களில் தம் அடையாளத்தை விட்டுச் செல்கின்றன. இறந்தவர்கள் பஞ்சாபியர் அல்லர், கங்கைச் சமவெளியினர் என்ற முடிவு 2022-ல் வெளியாயிற்று. 165 ஆண்டுகளுக்குப் பின் கூப்பரின் கிணறு சாட்சி சொல்லிற்று!

ஆயினும் தாய்வழி மரபணு சீமையைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. ஆளைக் காட்டும் முறை வேறு. ஒன்றுவிட்ட சகோதரர்கள் தமக்குள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்கின்றனர். இரண்டுவிட்டவர்கள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இறந்தவனின் மரபணுவைப் பல லக்ஷம் பேர் தாமாகக் கொடுத்துவைத்த பதிவுகளுடன் ஒப்பிட்டால் ஏதோ ஒரு தூரத்து உறவினர் அகப்படுவார். அவருடைய பாட்டன் பூட்டன் வரை வம்சாவளியில் ஏறி, பின் ஒவ்வொரு கிளையாக இறங்கி வந்தால் காணாமற்போனவன் நிற்கும் இடம் தெரியும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1957-ல் ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடந்த சிறுவனின் பிரேதத்திற்கு, ஜோசப் அகஸ்டஸ் ஜரெல்லி என்ற பெயர் இவ்வாறே 2022 டிசம்பரில் கிடைத்தது. கொன்றவன் யார் என்பது அப்போதும் நிரூபணமாகவில்லை. ஆனால் விசாரணைக்கு முதன்முறையாக ஒரு வீடு, ஒரு குடும்பம் அகப்பட்டது.

தருமபுரியில் இது நடக்குமா? மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள சீமையில் தூரத்து உறவும் மரபணுக் கணக்கில் நெருங்கிய உறவாகத் தோன்றும். குடும்பப் பெயரும் நமக்கில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துத் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடுகிறது. மேனாட்டுக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு ஈடாக நம்மிடம் இருப்பது குலதெய்வக் கோயிலின் பங்காளி வரிசையும், அதை ஒப்பிக்கும் கிழவிகளின் ஞாபகமுமே. அது அற்பமானதன்று.

பெரிய தடை வேறொன்று. 2012 நவம்பரில் ஒரு கலப்பு மணத்தின் பேரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200-க்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்திய ஜில்லா இது. ஜனங்களின் ரத்தத்தை எடுத்துச் சர்க்கார் பதிவேடு வைத்தால் அதில் ஜாதியைத் தேடுவோர் வருவர் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இம்முறை இங்கே அவசியமாவதற்குக் காரணமும் அதே ஜாதிதான். மணம் செய்துகொண்ட குற்றத்துக்காக மகளைக் கொன்ற தகப்பன், அவளைக் காணவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மனு எழுதிக்கொடுப்பானா? தாய் தகப்பன் ரத்தத்தை ஒப்பிடும் வழக்கமான பரிசோதனை அங்கே ஒன்றுக்கும் உதவாது. தூரத்து உறவினன் ஒருவன், தன்னை அறியாமலே, அவளுக்குப் பெயர் கொடுக்கக்கூடும்.

சட்டத்தின் நிலைமை விசித்திரமானது. கைதானவரின் உடலை அளந்து மாதிரி எடுக்க 2022-ல் சட்டம் செய்தார்கள். இறந்த அநாமதேயர்களுக்கும் காணாமற்போனோருக்கும் தனிப் பதிவேடு வைக்க வழிசெய்த 2019-ம் வருஷ மரபணு மசோதாவை 2023 ஜூலையில் வாபஸ் பெற்றார்கள். அம்மசோதாவில் குறைகள் மலிந்திருந்தன. சந்தேகத்துக்குரியோரையும் அதே வலையில் வீசிப் பிடிக்கப் பார்த்தது. குறையைக் களையாமல் முழுவதையும் கைவிட்டது சரியென்று நாம் கருதவில்லை.

நாம் கேட்பது அதிகமன்று. அடக்கம் செய்யுமுன் ஒவ்வோர் அநாமதேயப் பிரேதத்திலிருந்தும் ஒரு பல்லும் ஓர் எலும்புத் துண்டும் எடுத்து, இலக்கமிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். காணாமற்போனோரின் உறவினர் மனமுவந்து தரும் மாதிரிகள் போலீஸார் வசமின்றித் தனி நிலையத்தில் இருக்கவேண்டும், ஜாதி எழுதலாகாது, கேட்டால் அழித்துவிட வேண்டும். கொலை வழக்கில், நீதிபதியின் உத்தரவின் பேரில் மட்டுமே ஒப்பிடலாம். அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் தருமபுரி ஜில்லா அங்கத்தினர் எவரேனும் இதைக் கேள்வி நேரத்திலாவது எழுப்புவாரா?